ஆந்தைக்கு விழுந்த ஏழாவது சீட்டு

உத்திரமேரூர்
12-8-1984

சிறுவர் வார இதழின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஒன்பதாம் வகுப்பு மாணவி வே. ஆதிலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் ஓவியரும் அவருடைய தூரிகையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு நடந்தவற்றை ஒன்றுவிடாமல், உண்மையாக மட்டும் பதிவு செய்யப்போகிறேன்.

தங்கள் 'கரடிப்பட்டி' படக்கதையில் எங்கள் தெருவே இருக்கிறது. கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லும் கரடி, என் நைனா. எதையும் தொடங்கிப் பாதியில் விட்டு ஓடும் முயல், எதிர்வீட்டு ஜாஹிதா, என் உயிர்த்தோழி. சண்டை என்றால் ஓட்டுக்குள் போகும் ஆமை, பக்கத்து வீட்டு ராணியம்மாள் அக்காவின் கணவர். செவ்வாய்க்கிழமை குழம்பில் உப்பில்லை என்று சொன்னதற்கு அக்கா பேசிய பேச்சில் அவர் போர்வைக்குள் போனதை நானே பார்த்தேன். எட்டிப் பார்க்கவில்லை ஐயா, சுவர்தான் தாழ்வு. படித்து, கவனித்து, அமைதியாக இருக்கும் ஆந்தை, நான்.

இதை வகுப்பில் சொன்னதும் ஜாஹிதா சிரித்தாள். "நான் முயலாவே இருந்துட்டுப் போறேன். நீ ஆந்தையா? எந்த வூட்டு சுவத்துக்கு மேல பாத்தாலும் உன் தலதான் கீது. நீ ஒட்டகச்சிவிங்கிடீ!" பெஞ்சே சிரித்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடத்தில் ஓலை போட்டு ஊர்ச்சபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த ஊர் எங்களுடையது. கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அதே முறையில் முடிவு செய்யலாம் என்று மோர்ப்பானையைக் கழுவி வாசலில் வைத்தேன். ஓலைக்குப் பதில் ரஃப் நோட்டுத் தாள். "மோர்ப்பானைய இன்னாத்துக்குடீ எடுத்த?" என்று அம்மா கேட்க, "எலெக்சன் வச்சிக்கினு கீது," என்று நைனா எனக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்.

வாக்காளர் ஆறு பேர்: நைனா, அம்மா, அக்கா, அவர் கணவர், வகுப்புத் தோழிகள் பாஞ்சாலி, அம்முலு. தகுதியில்லாதவரை நீக்கும் விதியும் கல்வெட்டில் உண்டு. ஏற்கெனவே சிரித்துவிட்டதால் ஜாஹிதாவை நீக்கினேன். "என்னயா நீக்கினே?" என்று ஒருமுறை கேட்டாள். அன்று மாலை, இரவல் வாங்கியிருந்த என் ஜியோமெட்ரி பாக்ஸைப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனவள், ஒன்பது நாளாகப் பேசவில்லை. சாப்பாட்டு மணி அடித்தால் வேறு மரத்தடிக்குப் போகிறாள். தங்கள் இதழ் அவள் அத்தா அப்துல் கனியின் கடைக்குத்தான் வரும். இருவரும் ஒன்றாகப் படிப்போம். இப்போது கயிற்றில் தொங்கும் அட்டையை மட்டும் தெருவில் நின்று படிக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஓர் ஓலை எடுத்தாலே போதுமாம். முதலில் எடுத்த சீட்டில் ஒட்டகச்சிவிங்கி வந்ததால், எல்லாவற்றையும் எண்ணுவதே நியாயம் என்று முடிவு செய்தேன். ஆறு சீட்டில் ஒட்டகச்சிவிங்கி. அம்மாவுக்கு எழுத வராது. நீளமாகக் கோடு இழுத்து நுனியில் இரண்டு காது போட்டிருந்தாள். ஏழாவது சீட்டில், பென்சிலில், 'ஆந்தை'.

ஆறு பேருக்கு ஏழு சீட்டு! "தனக்குத் தானே போட்டுக்கினு இன்னா முழி முழிக்குது பாரு," என்றார் அக்கா. சத்தியமாக நான் போடவில்லை. அந்தச் சீட்டைச் சான்றாக இணைத்திருக்கிறேன். நான் ஆந்தைதான் என்று தாங்கள் இதழில் அச்சிட்டால் ஜாஹிதாவும் ஒப்புக்கொண்டு பேச வருவாள்.

தங்கள் அலுவலகத்துப் பெரியவர்களுக்கு என் வணக்கம், கரடிப்பட்டியில் உள்ள அனைவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
வே. ஆதிலட்சுமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் சீட்டை மறுபடி பார்த்தேன். பானையின் ஈரம் பட்ட ஓரத்தில் எழுத்து ஊதாவாக மாறியிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். நனைந்தால் ஊதாவாகும் காப்பி பென்சில் எங்கள் தெருவில் ஒரே இடத்தில்தான் உண்டு. அப்துல் கனி கடையில் கடன் கணக்குச் சிட்டை எழுத வைத்திருப்பார்கள். ஆகவே தீர்ப்பு வேண்டாம் ஐயா. சீட்டையும் அனுப்பவில்லை, என்னிடமே இருக்கட்டும். அவளிடம் இப்போதே போய்ச் சொல்லலாமா என்று முக்காலி போட்டு ஏறி, உயரமான வாசல் சுவருக்கு மேலே கழுத்தை நீட்டி எதிர்வீட்டைப் பார்த்தேன். ஜன்னலில் ஜாஹிதா நின்றிருந்தாள். என் தலையைக் கண்டதும் சிரித்தாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டார்கள்.