ஆயிரம் முத்தம் எத்தனை மில்லிகிராம்?

என் கணவருக்கு நான் எழுதிய கடிதங்களிலேயே மிக நல்ல கடிதத்தை அவர் இன்றுவரை படிக்கவில்லை. படித்தவர்கள் பல நாட்டுக் குழந்தை வைத்தியர்கள். அவர்களில் சிலர் அதற்குப் பதிலும் எழுதினார்கள், மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு.

தொண்ணூறுகளின் கடைசி. கல்முனைப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றின் சிறுவர் வாட்டில் நான் இளம் டொக்டர். அவர் சவூதியில், ஒரு கட்டடக் கம்பெனியில் படம் வரைபவர். மகள் நஸ்ரினுக்கு ஒரு வயதாக இருந்தபோது விமானம் ஏறினார். இந்தக் கதை நடக்கும்போது அவளுக்கு நாலு வயது. இடையில் ஒருமுறை முப்பது நாள் வந்தார். அதில் பத்து நாள் அவருக்குக் காய்ச்சல், பத்து நாள் சொந்தக்காரர் வீட்டு விருந்து. (மிச்சப் பத்து நாளையும் நான் வாட்டில் கழித்தேன். லீவு கிடைக்கவில்லை.)

அந்த வருடம்தான் எங்கள் ஆஸ்பத்திரி ஒஃபீசுக்கு யாரோ புண்ணியவான்கள் ஒரு கம்பியூட்டரும் மொடெமும் தந்தார்கள். உலகத்துக் குழந்தை வைத்தியர்கள் ஒருவரையொருவர் கேட்டுப் படிக்கும் ஒரு மின்னஞ்சல் குழுவில் நானும் சேர்ந்துகொண்டேன். ஒருவர் ஒரு கேள்வி எழுதினால் அது குழுவில் உள்ள எல்லோருக்கும் போகும். பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டுமே கேட்கக்கூடிய பேச்சு எங்கள் ஒஃபீஸ் மேசையில் வந்து இறங்கும். புதிய ஆய்வுக் கட்டுரைகளையும் கேட்டால் அனுப்புவார்கள். நூலகம் இல்லாத ஊரில் அது எனக்கு நோன்பு திறக்கிற நேரத்துத் தண்ணீர் மாதிரி.

ஒரு சிக்கல். ஒஃபீசுக்கு இருந்தது ஒரே டெலிபோன் லைன். இன்டர்நெட் ஓடினால் டெலிபோன் ஊமை. ஆகவே பிரதம எழுதுவினைஞர் இஸ்மாயில் காக்கா (காக்கா என்றால் அண்ணன்) லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் போய்வரும் நேரம் மட்டும்தான் லைன் எனக்கு. முன்கூட்டியே எல்லாவற்றையும் டைப் செய்து வைத்துக்கொண்டு, லைன் கிடைத்ததும் வெட்டி ஒட்டி அனுப்ப வேண்டும்.

ஒரு வாரம் இன்னொரு சந்தோஷமும் வந்தது. அதுவரை கணவருக்கு நான் அனுப்பும் மின்னஞ்சலை அவருடைய கம்பெனியில் ஒரு மலையாளி எழுத்தர் அச்சடித்துக் கொடுப்பார். அவருக்குத் தமிழ் தெரியும். அதனால் என் கடிதங்களெல்லாம் பாடசாலை அதிபருக்கு எழுதும் லீவுக் கடிதம் போல இருக்கும். அந்தக் கிழமைதான் கணவருக்குச் சொந்த மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. முதல்தடவையாக இடையில் ஆள் இல்லாத மின்னஞ்சல்!

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினேன். மகள் அவருடைய பழைய சேட்டுச் சட்டையைப் போர்த்திக்கொண்டு தூங்குவதை எழுதினேன். மற்றச் சட்டையை நான் எடுத்துவைத்திருப்பதையும், அதில் இப்போது அவருடைய மணம் போய்ச் சவுக்கார மணம்தான் இருக்கிறது என்பதையும் எழுதினேன். கடைசியில், வெட்கத்தையெல்லாம் கழற்றிவைத்துவிட்டு, '1000 முத்தம், மூன்று வேளையும்' என்று முடித்தேன். (டொக்டர் புத்தி. வேளை போடாமல் எழுத வராது, அதையும் மருந்துச் சீட்டில் போல TDS என்றுதான் போட்டேன்.)

அதே நாளில்தான் தர்சினியின் விபரத்தையும் டைப் செய்தேன். விநாயகபுரத்துப் பிள்ளை. நாலு வயது. எட்டு நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. கண் இரண்டும் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு செம்பருத்திப் பூவாக, உள்ளங்கை வீங்கி, கழுத்தில் நெறிகட்டி இருந்தாள். சின்னமுத்து, அதாவது தட்டம்மை என்று நினைத்தோம், பொருந்தவில்லை. மருந்தை மாற்றிப் பார்த்தோம், கேட்கவில்லை. எங்களிடம் அப்போது நிபுணர் இல்லை. தகப்பன் கடலுக்குப் போகாமல் வாட்டு வாசலிலேயே நின்றார். தாய் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, இவள் தண்ணி கூட வேணாமெண்டு கிடக்காள். உங்களுக்கு விளங்கல்லயெண்டா விளங்கிற ஆக்களிட்ட கேளுங்கம்மா."

கேட்கத்தான் போனேன். லைன் கிடைத்தது. முதல் கடிதத்தை ஒட்டும்போதே வாசலில் செருப்புச் சத்தம்.

"டொக்டர், லைன விடுங்க! கொழும்பால கோல் வரப்போகுது."

"காக்கா, தொழுதிட்டீங்களா அதுக்குள்ள?"

"இமாம் இண்டைக்குச் சுருக்கமா முடிச்சிட்டாரு. விடுங்க, விடுங்க."

பதறிக்கொண்டு இரண்டாவதையும் ஒட்டினேன், அனுப்பினேன், லைனை விட்டேன். இரண்டு வேலையையும் இரண்டு நிமிடத்தில் முடித்த பெருமையோடு தேத்தண்ணி குடித்தேன்.

அடுத்த நாள் காலை. வாட்டில் நிற்கும்போது காக்கா ஓடிவந்தார். "சவூதியால கோல்! மாப்பிள்ளை அழுற மாதிரிக் கதைக்காரு!"

ஓடினேன். ரிசீவரை எடுத்ததும் அவருடைய குரல்.

"ரிஹானா, மகளுக்கு எப்படி இரிக்கி? உண்மையச் செல்லு."

"மகளுக்கா? அவ வீட்டில மாங்கா திண்டுக்கிட்டு இரிக்கா. ஏன் மச்சான்?"

"மறுகா ஏன் எனக்கு இப்படி எழுதின? நாலு வயசுப் பொம்புளப் புள்ள, எட்டு நாள் காய்ச்சல், உதடெல்லாம் வெடிச்சிருக்கி எண்டு? சலாமும் இல்ல, சுகமும் கேக்கல்ல!"

தர்சினியின் விபரம் அவருக்குப் போயிருக்கிறது. அப்படியென்றால் அவருக்கு எழுதிய கடிதம் எங்கே போனது?

அதை முழுதாக நினைத்து முடிக்க அவர் விடவில்லை. தனக்கு வந்த விபரத்தை எடுத்துக்கொண்டு தங்கள் கம்பெனி கிளினிக்குக்கு ஓடியிருக்கிறார். அங்கே ஒரு சூடான் நாட்டு டொக்டர். வாசித்த உடனே நோயின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"எழுதிக்க. க, வா, சா, கி. கவாசாக்கி. பத்து நாளைக்குள்ள மருந்து ஏத்தணுமாம். இல்லாட்டி இதயத்தப் பிடிக்குமாம். ஆர்ர புள்ளையா இரிந்தாலும் சுணங்காத, உடனே செய்."

கவாசாக்கி! பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று நான் தாண்டிய பக்கம்.

"கவாசாக்கியா மச்சான்? கவாசாக்கியேதானா?" என்று நான் கத்தியதில் ஒஃபீசே திரும்பிப் பார்த்தது. இஸ்மாயில் காக்கா முகம் மலர்ந்து, "மாப்பிள்ளை மோட்டசைக்கிள் எடுத்திட்டாரா?" என்றார்.

டெலிபோனின் அந்தப் பக்கத்தில் கணவர் மூச்சு வாங்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப எனக்கு நீ எழுதினது? அதில என்ன இரிந்த?"

சுற்றிலும் பார்த்தேன். காக்கா, இரண்டு எழுதுவினைஞர்கள், சம்பளப் படிவத்தோடு ஒரு மிட்வைஃப், தேத்தண்ணிக் கோப்பையோடு ஒரு அற்றென்டன். எல்லோரும் மோட்டார் சைக்கிளின் நிறத்தை அறியக் காத்திருந்தார்கள்.

"ஒண்டுமில்ல," என்றேன். "சும்மா, சுகம் விசாரிச்சு எழுதின."

"அவ்வளவுதானா?"

"ஓம். அவ்வளவுதான்."

லைன் அறுந்தது. அந்த 'அவ்வளவுதான்' பொய். ஆனால் அதை நினைத்து நிற்க நேரமில்லை. கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அறிவித்து, தர்சினியையும் தாயையும் ஒரு மணித்தியாலத்துக்குள் அம்புலன்ஸில் ஏற்றினோம். யுத்த காலம்; வழியில் எத்தனை சோதனைச் சாவடி என்று நினைக்கவே பயமாக இருந்தது.

பகல் லைன் கிடைத்ததும் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தேன். தலைப்பு நான் போட்டதுதான்: 'நாலு வயதுப் பிள்ளை, காய்ச்சல், அவசர ஆலோசனை தேவை.' அதன் கீழே என் சேட்டு, சவுக்காரம், மிச்சமெல்லாம். அதற்குக் கீழே பதில்கள்.

ஸ்கொட்லாந்து டொக்டர் ஒருவர்: "முத்தம் என்ற மருந்து எங்கள் பட்டியலில் இல்லை. 1000 என்பது மில்லிகிராமா? நாலு வயதுக்கு, மூன்று வேளை, அதிகம் என்று அஞ்சுகிறேன். தயவுசெய்து உடனே குறைக்கவும்."

அவுஸ்திரேலியாவிலிருந்து ஒருவர், 'மச்சான்' என்பது நோயாளியின் பெயரா, நோயின் உள்ளூர்ப் பெயரா என்று கேட்டிருந்தார். அமெரிக்கப் பேராசிரியர் ஒருவருக்கு இது ஏதோ மூலிகை வைத்தியமாகப் பட்டிருக்கிறது. முத்தம் பற்றி நானும் அவரும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதலாமா என்று அழைத்திருந்தார். (ஒருவகையில் பார்த்தால் மூன்று வருடமாக எனக்கு அந்த ஆய்வுக்கு வசதி இல்லை.)

மேசைக்குக் கீழே போய்விடலாமா என்று பார்த்தேன். அங்கே மொடெம் இருந்தது.

கடைசி இரண்டு பதில்களையும் எழுதியவர் மலேசியாவில் வேலை செய்யும் ஒரு தமிழ் அம்மா டொக்டர். ஒன்று குழுவுக்கு: "நண்பர்களே, இது தவறி வந்த குடும்பக் கடிதம். முத்தம் மருந்தல்ல. அதற்கு உச்ச அளவு எதுவும் இதுவரை அறியப்படவில்லை." மற்றது எனக்குத் தனியாக, என்னைப் போலவே ஆங்கில எழுத்தில் தமிழாக: "தங்கச்சி, இரண்டு வரிக்கு மேல் நான் படிக்கவில்லை. (படித்தேன். மன்னித்துக்கொள்.) வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதே. அந்தப் பிள்ளைக்கு என்ன? உடனே எழுது."

எழுதினேன். கண்டியில் அவளுக்கு எடுக்க வேண்டிய இதயப் பரிசோதனைகள் எவை, திரும்பி வந்த பின் எத்தனை மாதம் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அவரும், அந்த ஸ்கொட்லாந்துக்காரரும் கட்டுரைகளோடு அனுப்பினார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு தர்சினி தகப்பனின் தோளில் வந்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, இதயம் சுத்தமாக, மிகுந்த கோபத்தோடு. நான் மீண்டும் ஊசி போடுவேன் என்று நினைத்திருக்கிறாள்.

கணவருக்கு அந்தக் கடிதத்தை மறுபடி அனுப்ப நினைத்தேன். முடியவில்லை. அத்தனை பேர் வாசித்த கடிதம் எனக்கே அந்நியமாகிவிட்டது. இரவல் போய் வந்த சாரி மாதிரி. அழித்துவிட்டேன். திரும்ப எழுத உட்கார்ந்தால், 'நான் நலம், நீங்கள் நலமா' தான் வந்தது.

அடுத்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் அவர் வந்துவிட்டார். கம்பெனி இருக்கச் சொல்லியும் ஏன் வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"அண்டைக்கு அந்தக் கடிதத்த வாசிச்சிட்டு மகள்ற முகத்த நினைச்சுப் பாத்தன்," என்றார். "ஒரு வயசு முகம்தான் வந்திச்சு. மறுகா வந்து பாத்த முகமும் நிலைக்கல்ல. நாலு வயசு முகம் எனக்கிட்ட இல்ல ரிஹானா."

அவர் வந்த பிறகு நானே சொல்லிவிட்ட இந்தக் கதை எங்கள் குடும்பத்தில் எல்லாக் கல்யாண வீட்டிலும் பரிமாறப்படும். புரியாணிக்குப் பிறகு, வட்டிலப்பம் என்ற இனிப்புக்கு முன். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், "எத்தின மில்லிகிராம் முத்தம்?" என்று விசாரிக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் நஸ்ரினுக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த பெண் தாய் வீட்டில் இருப்பதுதான் வழக்கம். மாப்பிள்ளை போவார், வருவார்.

"உங்கட பக்கத்தால என்ன நிபந்தனை?" என்று பையனின் வாப்பா கேட்டார்.

"ஒண்டே ஒண்டுதான்," என்றார் என் கணவர். "மகளையும் கூட்டிக்கிட்டுப் போகணும். தனிய விட்டிட்டுப் போனா இவளும் கடிதம் எழுதுவாள். உம்மாக்காரிக்குப் பதில் எழுதியே உலகத்து டொக்டர்மார் களைச்சுப்போனாங்க."

வீடு முழுக்கச் சிரித்தது. நான் குசினி அடுப்படிக்குள் போய் மறைந்துகொண்டேன். வெளியே வந்தபோது பேச்சு முடிந்திருந்தது. நஸ்ரினுக்கும் விசா எடுப்பது என்று.