ஜிகினா அண்ணனின் அறுபத்து மூன்று ஸ்டிக்கர்கள்

மதுரையில் கோயில் கோபுரத்துக்கு அடுத்தபடியாக வெகு தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிந்த பொருள், ஜிகினா அண்ணனின் சைக்கிள்தான். கோபுரமாவது நின்ற இடத்தில் நிற்கும். சைக்கிள் தினமும் காலையில் அவனியாபுரத்திலிருந்து கிளம்பி, வில்லாபுரம், தெப்பக்குளம் என்று வழியெல்லாம் ஜனங்களைத் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டு, ஒன்பதரைக்கு கே.கே. நகரில் எங்கள் ஆபீஸ் வாசலுக்கு வந்து சேரும்.

அது ஒரு வக்கீல் ஆபீஸ். சாலை விபத்து வழக்குகள் மட்டும்தான் பார்ப்போம். நான் டைப்பிஸ்ட், அண்ணன் குமாஸ்தா. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் வாசலில் அந்த வண்டியைப் பார்த்துவிட்டு, ஏதோ ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். லாரிகளுக்குப் பின்னால் ஒட்டுகிற சிவப்பு வெள்ளைப் பட்டை மட்கார்டு முழுவதும் ஒட்டியிருந்தது. சக்கரக் கம்பிகளில் பழைய சி.டி.க்கள். ஹேண்டில்பாரில் ஒரு மணி, ஒரு ரப்பர் ஹாரன், பகலிலும் எரியும் இரண்டு பல்புகள். கேரியரிலிருந்து வலது பக்கமாக மூன்றடிக்கு ஒரு மூங்கில் குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் சிவப்புத் துணி.

“இந்தக் குச்சி எதுக்குண்ணே?” என்று கேட்டேன்.

“காரு எம்புட்டுத் தள்ளிப் போகணுமோ, அம்புட்டு நீளம் தாயி” என்றார், பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் காட்டுகிற மாதிரி.

வண்டி அப்படியென்றால் ஆள் அதற்கு மேல். ரோடு போடுகிறவர்கள் மாட்டுகிற ஆரஞ்சு மேல்சட்டை ஒன்றைச் சட்டைக்கு மேல் போட்டுக்கொள்வார். அதனால் வில்லாபுரம் தாண்டுவதற்குள் இரண்டு பேராவது மறித்துக்கொள்வார்கள்.

“ஏம்ப்பா, இந்தச் சாக்கடைக் குழிய எப்பத்தான் மூடுவீக?”

நான் அந்த ஆள் இல்லை என்று விளக்கிப் பார்த்துத் தோற்றுப்போன அண்ணன், கடைசியில் எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். “திங்கக்கெழமை.” ஜனங்களும் திருப்தியாகப் போய்விடுவார்கள். எந்தத் திங்கட்கிழமை என்று யாரும் கேட்டதில்லை.

அவருடைய புகழின் உச்சம் ஒரு மார்கழிக் கடைசியில் வந்தது. பொங்கல் ஜல்லிக்கட்டுக்காக அவனியாபுரத்தில் சாயங்காலமானால் காளைகளை நடத்திக்கொண்டு போவார்கள். அண்ணன் எதிரே வந்தார். மேற்கு வெயில் சி.டி.க்களில் பட்டுச் சுழன்றது. காளை ஒரு கணம் பார்த்தது. அவ்வளவுதான், கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த செல்போன் கடைக்குள் புகுந்துவிட்டது.

காளைக்காரர் அண்ணனின் மேல்சட்டையைப் பிடித்துக்கொண்டார். “யோவ், வாடிவாசல்ல அம்புட்டுப் பேரு கத்துனாலும் அசையாத மாடுய்யா இது! ஒன் சைக்கிளப் பாத்து மெரண்டுருச்சேய்யா!”

மறுநாள் ஆபீஸில் அதைச் சொல்லும்போது அண்ணனின் முகத்தில் அப்படியொரு நிறைவு. “மாட்டுக்கே தெரியுது தாயி. அப்ப மனுசனுக்குத் தெரியாமப் போகுமா?”

தன்னோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கோர்ட்டு சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிற வண்டிகளுக்கெல்லாம் யாரையும் கேட்காமல் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவார். ஒரு நாள் என் புது ஹேண்ட்பேக்கிலும் சிவப்பாக ஒன்று ஒட்டியிருந்தது. பிய்த்தால் தோலோடு வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், “உங்களுக்கு மறை கழண்டுருச்சாண்ணே?” என்று ஆபீஸே கேட்கக் கத்திவிட்டேன். அவர் தபால் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வக்கீல் என்னை உள்ளே கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பீரோவிலிருந்து ஒரு பழைய கட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

“இது நீ சேர்றதுக்கு முந்தி வந்த கேஸும்மா” என்றார்.

திருமங்கலம் பக்கத்தில் ஒரு மில்லுக்கு, விடிகிற நேரத்து ஷிஃப்டுக்காகச் சைக்கிளில் போன ஒருவர் கார் மோதி இறந்துபோனார். அவர் மனைவி ஆபீஸுக்கு வந்திருந்தபோது, கார் ஓட்டியவர் போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தை அண்ணன்தான் அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். “சைக்கிளில் ஆள் வந்ததையே நான் பார்க்கவில்லை” என்று ஒரு வரி.

அந்த அம்மா அழவில்லையாம். அண்ணனைப் பார்த்து நியாயமாக ஒரு சந்தேகம் கேட்பது போலக் கேட்டாராம். “ஆறடி ஆளுங்கய்யா அவரு. எங்க வீட்டு நெலையில குனிஞ்சுதான் நொழைவாரு. அவரு எப்பிடிங்கய்யா தெரியாமப் போவாரு?”

அன்றைக்கு அண்ணன் பீரோவில் இருந்த கட்டுகளையெல்லாம் இறக்கிப் பார்த்திருக்கிறார். சைக்கிள்காரர் அடிபட்ட கேஸ் எதை எடுத்தாலும் அந்த வரி இருந்தது. பார்க்கவில்லை. தெரியவில்லை. திடீரென்று வந்துவிட்டார். மறுநாள் காலை அண்ணனின் மட்கார்டில் முதல் ஸ்டிக்கர் ஏறியது.

“என் விசயத்துல மட்டும் எவனும் அப்பிடிச் சொல்லிறக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தான்” என்றார் வக்கீல். அண்ணன் திரும்பி வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதிலுக்கு, ஹேண்ட்பேக்கின் இன்னொரு பக்கத்துக்கும் ஒன்று வேண்டுமா என்று கேட்டார்.

அது நடந்தது ஒரு சித்திரை மாத மத்தியானம். காளவாசல் பக்கம் ஒரு ஆபீஸில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அண்ணன் ஓரமாகத்தான் வந்துகொண்டிருந்தார். தார் உருகுகிற வெயில். அந்த வெயிலில் அவருடைய சைக்கிள் எப்படி மின்னியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஓரத்தில் நின்றிருந்த ஒரு காருக்குள் இருந்தவர், போனைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்தார். கதவு ஹேண்டில்பாரில் அடித்தது. அண்ணன் ரோட்டின் நடுவில் போய் விழுந்தார். பின்னால் வந்த சரக்கு வேன் பிரேக் போட்டும் நிற்காமல் வலது காலில் ஏறி இறங்கியது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆபரேஷன் முடிந்து கண் விழித்திருந்தார். கால் இருக்கிறதா என்று கேட்பார், வலிக்கிறது என்பார் என்று எதிர்பார்த்துப் போனேன்.

“காருக்காரன் என்ன எழுதிக் குடுத்துருக்கான்?” என்றார்.

நான் வாக்குமூலத்தைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. “பாக்கலையாம்ணே.”

அண்ணன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வாங்கிப்போன சாத்துக்குடியை உரித்து, உரித்த சுளைகளை அப்படியே தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

தன்னுடைய கேஸ் கட்டுக்கு அவரே அட்டை போட்டு, அவரே நூல் கோத்தார். இரண்டு கக்கத்திலும் கம்பை ஊன்றிக்கொண்டுதான் கோர்ட்டுக்கு வந்தார். எதிர்த்தரப்பு பதிலைப் படித்தபோது எங்கள் வக்கீலே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சைக்கிளில் அளவுக்கு மீறி ஒட்டியிருந்த பளபளப்பான பொருட்களால் கார்க்காரருக்குக் கண் கூசிவிட்டதாம். ஆகவே விபத்துக்குச் சைக்கிள்காரரே பொறுப்பாம்.

அண்ணன் சாட்சிக் கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். “உங்க சைக்கிள்ல மொத்தம் எத்தனை ஸ்டிக்கர்?”

“அறுபத்தி மூணுங்கய்யா. நாயன்மாரு கணக்கு.”

கோர்ட்டில் சிரிப்பு. அண்ணன் சிரிக்கவில்லை. நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டார்.

“ஐயா, ஒரு விளக்கம் கேட்டுக்கிறேன். போலீஸ்ல என்னையப் பாக்கவே இல்லைன்னு சொன்னாரு. இங்கன வந்து கண்ணு கூசிப் போச்சுன்னு சொல்றாரு. பாக்காதவருக்குக் கண்ணு எப்பிடிங்கய்யா கூசும்?”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கார்க்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்க ரொம்பச் சாதாரணமான மனிதர். அவரைப் பார்த்தால் கோபம்கூட வரவில்லை, அதுதான் எனக்குக் கோபமாக இருந்தது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. கதவைத் திறக்கும் முன் பின்னால் யார் வருகிறார் என்று பார்க்க வேண்டியது திறப்பவருடைய கடமை என்று நீதிபதி எழுதியிருந்தார். அண்ணன் அந்த வரியை என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. வலது கால் இடது காலைவிடக் கொஞ்சம் குட்டையாகிவிட்டது, அதற்குத் தீர்ப்பில் மருந்து எதுவும் இல்லை.

அவர் வேலையை விட்டுவிட்டார். சில மாதம் கழித்து நான் அவனியாபுரத்துக்கு அவரைப் பார்க்கப் போனேன். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே போனால், சைக்கிள் சுவரோரம் சாய்த்திருந்தது. நெளிந்த சக்கரத்தை நேராக்கியிருந்தார்கள். ஆனால் அதன்மேல் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. பசை இருந்த இடங்கள் மட்டும் சதுரம் சதுரமாக அழுக்குப் பிடித்திருந்தன. அவரும் ஒரு மங்கிய பழுப்புச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். எதிரே வந்திருந்தால் எனக்கே அடையாளம் தெரிந்திருக்காது.

“ஏண்ணே அம்புட்டையும் உரிச்சுட்டீக?”

“மண்ணெண்ணெய் போட்டுத்தான் உரிச்சேன். அதுக்கே ரெண்டு நாளாச்சு” என்றார். “தெரியுற மாதிரி வாரது என் வேலை தாயி. அத ஒழுங்காத்தான் செஞ்சேன். பாக்குறது அவுக வேலை. அதையும் சேத்து நானே எப்பிடிச் செய்யிறது?”

காபி குடித்தோம். ஆபீஸ் கதைகள் பேசினோம். அந்தக் காளை இப்போது எப்படியிருக்கிறது என்று கேட்டேன். இந்த வருடமும் யாருக்கும் பிடிபடவில்லையாம். பெருமையாகச் சொன்னார், தன் வீட்டுப் பிள்ளை பாஸான மாதிரி.

நான் கிளம்பியபோது வாசல் வரை வருகிறேன் என்று கம்பை ஊன்றிக்கொண்டு கூடவே வந்தார். அவர் சந்து நேராக ஏர்போர்ட் ரோட்டில் போய் முட்டும். அங்கே வண்டியைத் திருப்புவது லேசான காரியமில்லை. ஷேர் ஆட்டோவும் காரும் மணல் லாரியுமாக ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தபடி இருந்தன. நான் காலை ஊன்றிக் காத்திருந்தேன்.

திடீரென்று அண்ணன் ரோட்டில் இறங்கிவிட்டார். பழுப்புச் சட்டையும் குட்டைக் காலுமாக நடு ரோட்டுக்கு நொண்டிப் போய், கம்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கார் கிறீச்சிட்டு அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

“அண்ணே! ஓரமா வாங்கண்ணே!” என்று அலறினேன்.

“நீ போ தாயி” என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல். அவர் கண் அந்தக் கார்க்காரர் மேலேயே இருந்தது. “நான் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன். நீ பைய போ.”

போனேன். நூறு அடி தள்ளி வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். கண் கலங்கிக்கொண்டு வண்டி ஓட்டினேன் என்று தெரிந்தால் அண்ணன் திட்டுவார்.