கறை அண்ணாச்சியின் ரேங்க் லிஸ்ட்

பிள்ளைகளே, பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி எங்கள் கறை அண்ணாச்சிக்குத் தெரிந்த அளவுக்கு இந்த வளைகுடா முழுக்கத் தேடினாலும் இன்னொருத்தருக்குத் தெரியாது. இத்தனைக்கும் அவர் அந்த ஆட்டத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பேஸ்பால் என்றால் கிரிக்கெட்டுக்குச் சித்தப்பா பிள்ளை முறை. பந்தை அடித்துவிட்டு, மைதானத்தின் நாலு மூலையையும் தொட்டுச் சுற்றி வரவேண்டும். பந்து வந்து சேர்வதற்குள் மூலையைத் தொட்டாக வேண்டும் என்பதால், ஓடுகிற பிள்ளைகள் கடைசியில் தரையோடு தரையாகச் சறுக்கி விழுவார்கள். அந்த விழுகையில்தான் அண்ணாச்சியின் கல்வி முழுதும் இருந்தது.

முவைலா என்கிற ஏரியாவில் ஒரு லாண்டரியில் அவர் துவைக்கிறவர், நான் வேன் டிரைவர். அந்தப் பக்கம் ஸ்கூல்கள் அதிகம். ஏழு ஸ்கூல் பேஸ்பால் டீம்களின் பிராக்டிஸ் உடுப்பும் மேட்ச் உடுப்பும் எங்கள் கடைக்குத்தான் வரும். நான் மூட்டையை இறக்கியதும் அண்ணாச்சி ஒவ்வொரு பேண்டாக எடுத்து, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல டியூப்லைட்டுக்கு நேரே பிடிப்பார்.

"பாத்தியால, முட்டியில மண்ணு. இவன் ஓடுத பய. இது நெஞ்சுல மண்ணு, குப்புற விழுந்துருக்கான், தைரியசாலி. இந்தா, இவனப் பாரு. நான் தேச்ச மடிப்பு அப்படியே நிக்கி. போட்டுட்டுப் போயி கழட்டிக் குடுத்துருக்கான்."

வெயில் தணிந்து சீசன் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால், புதுச்சட்டைக்குள் வைக்கிற அட்டை ஒன்றை எடுத்து, மார்க்கர் பேனாவால் ஒன்று முதல் ஏழு வரை எழுதி, கவுண்டருக்கு மேலே ஹாங்கரில் தொங்கவிடுவார். அதுதான் ரேங்க் லிஸ்ட். ரெண்டு வருஷம் அவர் முதலில் போட்ட டீம்தான் கப் வாங்கியது. அதற்கப்புறம் சாயங்காலமானால் ஸ்கூல் பிள்ளைகள் கடை வாசலில் கூட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் கடையில் துணி கொடுக்க வந்தவர்கள் உள்ளே நுழைய வழி கேட்க வேண்டியிருந்தது.

கறையை வைத்துத்தான் ரேங்க் என்கிற ரகசியம் எப்படியோ வெளியே போயிற்று. அவ்வளவுதான். ஒரு டீம் மொத்தப் பேண்டிலும் பழுப்புக் கறையோடு வந்தது. அண்ணாச்சி மோந்து பார்த்தார்.

"கரக் டீல இது. ஏலக்கா வாசம் வருது. ஒரு எடம் எறக்கு!"

இன்னொரு டீம் நிஜ மண்ணையே பூசி அனுப்பியது. விரலால் தேய்த்துப் பார்த்தவர் சிரித்தார். "இது கிரவுண்டு மண்ணு இல்ல. ஸ்கூல் வாசல்ல செடி வச்சிருக்க மண்ணு. ஒரம் கலந்துருக்கு. ரெண்டு எடம் எறக்கு!"

ஒரு அம்மா வந்து சண்டையே போட்டார். "ஏங்க, உங்க லிஸ்ட்டால என் பையன் வீட்டு ஹால்ல எல்லாம் விழுந்து பழகுறான்!"

"கார்ப்பெட்டுல விழுந்தா கணக்குல சேராதும்மா. நீங்க சொல்லிருங்க" என்றார் அண்ணாச்சி, ரொம்ப மரியாதையாக.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு வருஷம், சீசன் தொடங்குவதற்கு முன்னால் போட்ட லிஸ்ட்டில், நீலச் சட்டை ஸ்கூலுக்கு அவர் ஏழாவது இடம் போட்டார். அது பெரிய ஸ்கூல். எங்கள் கடைத் துணியில் பாதி அவர்களுடையது. அவர்களுடைய பி.டி. சார் யாழ்ப்பாணத்துக்காரர், கோபம் வந்தால் மீசை தனியாக ஆடும். நேரே கடைக்கு வந்துவிட்டார்.

"இஞ்ச பாருங்கோ, எங்கட பெடியள் ஏழாவதோ? நீங்கள் ஒரு மேட்ச் எண்டாலும் பாத்தனீங்களோ?"

"மேட்ச் எதுக்கு சார்? உங்க பயலுவ பேண்ட்ட நான் துவைக்கவே வேண்டாம். மறுபடி மடிச்சுக் குடுத்தாலே போதும்."

மீசை ஆடியது. மேனேஜர் ஓடி வந்து சாரைச் சமாதானப்படுத்தினார். சார் போனதும் அண்ணாச்சியிடம் திரும்பினார்.

"நீலத்தை மேல ஏத்துங்க."

"ஏத்த முடியாது."

"அப்ப ராஸ் அல் கைமா பிராஞ்சுக்கு மாத்திருவேன். சிமெண்ட் ஃபேக்டரி ஆளுங்க போடுற ஓவரால் உடுப்புதான் துவைக்கணும். கலாஸ், பேச்சு முடிஞ்சது!"

அண்ணாச்சி முகம் செத்துவிட்டது. அவருக்குத் தூரம் கவலையில்லை, வேலைக்கும் பயப்படுகிறவர் இல்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஓவரால்ல என்னத்தல படிக்க? எல்லாம் ஒரே சாம்பல்."

கடைசியில் மேனேஜரே ஒரு வழி சொன்னார். சீசனின் முதல் மேட்ச் சனிக்கிழமை. அண்ணாச்சியின் லிஸ்ட்டில் முதலில் இருந்த பச்சைச் சட்டையும் ஏழாவதாக இருந்த நீலமும் மோதுகிற மேட்ச். நீலம் தோற்றால் அண்ணாச்சி இங்கேயே இருக்கலாம். ஜெயித்தால், சாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ராஸ் அல் கைமா.

அன்றைக்கு அண்ணாச்சி தேய்த்த சட்டை போட்டு, நெற்றி நிறைய திருநீறு பூசி, என் வேனில் வந்து உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் பேஸ்பால் மேட்ச். பந்து வானத்தில் பறந்தது. மைதானமே அண்ணாந்து பார்த்தது. இவர் மட்டும் குனிந்து பிள்ளைகளின் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பந்து மேல போகுது!"

"போவட்டும்ல. பந்தையா நான் வெளுக்கேன்?"

அப்போதுதான் பச்சைச் சட்டைப் பையன் ஒருத்தன் முழு வேகத்தில் ஓடி வந்து எங்களுக்கு நேர் முன்னால் சறுக்கி விழுந்தான். 'சரக்' என்று ஒரு சத்தம். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏல… இம்புட்டு வேகமாவா விழுதானுவ?"

"பின்ன? கறை எப்படி வருதுன்னு நெனச்சீங்க?"

அதற்கப்புறம் யார் விழுந்தாலும் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசிச் சுற்று. நீலம் ஒரு புள்ளி பின்னால். ஒரு மூலையில் அவர்கள் பையன் ஒருத்தன் நிற்கிறான்; அவனும் அடிக்கிறவனும் சுற்றி வந்துவிட்டால் ரெண்டு புள்ளி. நீல கேப்டன் அடிக்க வந்தான். அடித்தான் பாருங்கள் ஒரு அடி, பந்து வேலியைத் தாண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் பலசரக்குக் கடை வாசலில் போய் விழுந்தது. ஹோம் ரன்! இனிமேல் அவன் ஓடக்கூட வேண்டாம். கையை ஆட்டிக்கொண்டு நடந்தே வரலாம். நீலம் ஜெயித்தாகிவிட்டது. அண்ணாச்சிக்கு ராஸ் அல் கைமா என்று நான் தலையில் கை வைத்தேன்.

ஆனால் அந்தப் பையன் நடக்கவில்லை. முதல் மூலைக்குப் பாய்ந்து ஓடி, படார் என்று சறுக்கினான். எழுந்தான். இரண்டாவது மூலையில் மறுபடி ஒரு சறுக்கல்.

பி.டி. சார் கத்தினார். "எழும்படா! பந்து ரோட்டில கிடக்குது. உனக்கென்ன விசரே?"

"சார், லாண்டரி அங்கிள் பாக்குறாரு! நம்மள லாஸ்ட் போட்டுட்டார்ல!"

மூன்றாவது மூலையில் விழுந்து எழுந்தபோது முட்டியில் பேண்ட் கிழிந்திருந்தது. சிவப்பாகத் தெரிந்தது. மேனேஜர் மிரட்டியும் ஒரு இடம் ஏற்றாத அண்ணாச்சி, வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு மைதானமே திரும்பிப் பார்க்கும்படி அலறினார்:

"எலேய், விழாதல! ஒண்ணாவது போடுதேன்! ஒண்ணாவதுதாம்ல! நடந்து வால, என் ராசா!"

பையன் நின்றான். ஒரு தடவை எங்கள் பக்கம் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே நடந்து போய்க் கடைசி மூலையைத் தொட்டான்.

மேட்ச் முடிந்ததும் அண்ணாச்சி சாரிடம் போனார். "தோத்துட்டேன் சார். மன்னிச்சிருங்க. நான் ராஸ் அல் கைமா போயிருதேன்."

சாரின் மீசை ஆடவில்லை. போனை எடுத்து எங்கள் மேனேஜரைக் கூப்பிட்டார். "இந்த மனுசனை ஒரு இடமும் அனுப்பாதேங்கோ. அனுப்பினால் எங்கட உடுப்பும் அவரோடதான் போகும்." அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

அண்ணாச்சி சொன்னபடி லிஸ்ட்டில் நீலத்தை முதலில் எழுதினார். "முழுப் பொய்" என்று என்னிடம் முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதினார். அந்த வருஷம் கப் வாங்கியது பச்சைச் சட்டைதான்.

ஆனால் அந்த முதல் மேட்ச் முடிந்த வாரம் டெலிவரிக்கு எடுத்துப் போன ஏழு டீம் பேண்டுகளும் என் கைக்குக் கொஞ்சம் கனமாக இருந்தன. திருப்பிப் பார்த்தேன். முட்டியின் உள்பக்கம், வெளியே தெரியாதபடி, பழைய டவலை ரெண்டு மடிப்பாக வைத்து அண்ணாச்சி தைத்திருந்தார். இப்போதெல்லாம் விழுந்தால் அவ்வளவாக வலிப்பதில்லை என்று பிள்ளைகள் என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னார்கள். நானும் ஆச்சரியப்பட்ட மாதிரியே கேட்டுக்கொண்டேன்.