ஒரே அலைவரிசையில் ஆறு பேர்

வாக்கி டாக்கி வந்த ஒரே வாரத்தில், தேயிலைத் தோட்டத்தில் யாரும் யாருடனும் பேச முடியாமல் போனது.

ஆபீசுக்கு ஒன்று, லோரிக்கு ஒன்று, கங்காணிகளுக்கு நான்கு என்று ஆறு செட்டுக்கும் ஒரே அலைவரிசை. பொத்தானை அமுக்கினால் பேசலாம், விட்டால்தான் கேட்கும். கொழுந்து நிறுக்கும் நேரத்தில், ஆள்களை மேய்க்கும் அந்தக் கங்காணிகள் எல்லோரும் சேர்ந்து அமுக்குவார்கள். ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி இராமையாவுக்கு 'கர்ர்' மட்டும் கேட்கும். எந்த மலைக்குப் போவதென்று தெரியாமல் லோரி நிற்கும். மூட்டையில் கொழுந்து வெந்துபோகும்.

"இதைச் சரி பண்ணு, பெரிய கிராணி நாற்காலி உனக்கு. இல்லாட்டி ரிங்லெட் பக்கம் வேற தோட்டத்துக்கு மாத்திடுவேன்" என்று தோட்ட மேனேஜரான புதிய துரை மலாய் மொழியில் சொல்லியிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இராமையாவின் மனைவி பெரிய கிராணி வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலையே தைத்துவிட்டாள்.

இராமையா வரிசை வைத்தார். முதல் முறை சின்னையா கங்காணிக்கு. சொல்ல ஒன்றுமில்லை என்பதற்காக மனுஷன் தன் முறையை விடுவாரா?

"வணக்கம் ஐயா. இங்க ஒரே பனி. நம்ம ஆடு குட்டி போட்டுருக்கு..."

கடைசி முறைக்காரர் சுப்பனின் கொழுந்து அதற்குள் கறுத்துவிட்டது.

"வரிசை வேணாம். யாரும் பேசலைன்னா மட்டும் பேசுங்க" என்றார் இராமையா.

எல்லோரும் காத்திருந்தார்கள். அமைதி வந்ததும் எல்லோரும் ஒன்றாக அமுக்கினார்கள். போதாததற்கு மரியாதை வேறு. மூத்தவர் இருக்க இளையவர் முந்தலாமா?

"நீங்க சொல்லுங்கண்ணே."

"இல்லப்பா, நீ சொல்லு லா."

லோரி அசையவில்லை.

வெள்ளிக்கிழமை இராமையாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இனிமே நான் பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வாயைத் திறக்கணும்."

கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கட்டைவிரல் வலித்தது. பொத்தான் அமுங்கியே இருக்கட்டும் என்று அதன்மேல் ரப்பர் வளையம் ஒன்றை இறுக்கிச் சுற்றினார்.

அவ்வளவுதான். 'கர்ர்' நின்றது. ஒரு சத்தமில்லை.

"பாத்தியா, இதான் ஒழுங்கு" என்றார், ஆபீசைக் கூட்டிக்கொண்டிருந்த செல்லம்மாவிடம். "துரைக்கு என்ன தெரியும்? தேயிலைக்கும் கொய்யா இலைக்கும் வித்தியாசம் தெரியாது. தோட்டத்தை ஓட்டறதே நான்தான்."

"மெல்லப் பேசுங்கய்யா."

"கேட்டாத்தான் என்ன? அந்தாளுக்குத் தமிழ் புரியவா போவுது?"

துரையின் தொப்பி, துரையின் நடை என்று மத்தியானம்வரை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

லோரி ஓட்டும் மீரான் உள்ளே வந்தார். நேராகப் போய் ரப்பரை உருவி மேசையில் போட்டார்.

"காலையிலேருந்து எல்லா செட்டுலயும் ஒங்க ஒருத்தர் பேச்சுதான், கிராணியாரே. துரை என் லோரியிலதான் ஒக்காந்திருக்காரு. என்னன்னு கேட்டாரு, வரிக்கு வரி மலாயில சொல்லிட்டேன். கொய்யா இலை மட்டும் அவருக்குப் புரியல. ரிங்லெட் போற வழியில நீங்களே காட்டிட்டுப் போவணுமாம் லா."