கசெட் அண்ணையின் பாதிப் பாட்டு

மொன்றியல் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரே பாட்டின் பாதியை ஏழு வருடம் கேட்ட மனுஷன் கசெட் அண்ணை ஒருவர்தான் அகப்படுவார். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துக் கொம்பனியில் அவரும் நானும் பெட்டி அடுக்கினோம். வேலைக்குப் போய்வருவது அவருடைய காரில்.

அந்தப் பழைய காரை அவர் வாங்கும்போதே உள்ளே ஒரு ஆங்கிலக் கசெட் இறுகிக் கிடந்தது. கார் ஸ்டார்ட் ஆனால் அதுவும் பாடும். நிறுத்த வழியில்லை. இருபது நிமிடம் கிட்டார்க்காரன் எங்கெங்கோ அலைவான். ஏதோ ஓர் இடத்துக்கு வந்து சேரப்போகிறான் என்னும்போது ‘டக்’. டேப் முடிந்துவிடும். மறுபக்கம் வெறும் இரைச்சல்.

“கழட்டி எறியுங்கோ அண்ணை.”

“முடிவு தெரியாமல் எப்பிடித் தம்பி எறியிறது?”

எங்கள் சுப்பர்வைசர்தான் ஒருநாள் காருக்குள் தலையை விட்டு, இது ஜாம் பாண்ட், மேடையில் நினைத்தபடி வாசித்துக்கொண்டே போகிற கூட்டம் என்று அடையாளம் சொன்னார். ஞாயிறு பின்னேரம் அவர்களுக்கு ஒரு ட்ரிபியூட் நடக்கிறதாம். அண்ணை இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார்.

ஞாயிறு வந்தது. அண்ணையும் வந்தார்: வெள்ளைச் சேட்டு, கறுப்புக் காற்சட்டை, கையில் வெள்ளைப் பூங்கொத்து.

“என்னண்ணை இது?”

“ட்ரிபியூட் எண்டால் அஞ்சலிதானே? வெறுங்கையோடையோ போறது?”

மண்டப வாசலில் ஏழு நிறத்தில் சட்டை போட்ட ஒரு பெண் பூக்களை வாங்கித் தலையில் செருகிக்கொண்டு, “மெர்சி!” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி அவரைக் கட்டிப்பிடித்தாள்.

“செத்தவற்றை மகள் போலை,” என்றார் அண்ணை. “பாவம், கவலையை மறைக்கிறாள்.”

உள்ளே ஒருவரும் சாகவில்லை. இருநூறு பேர் வெறுங்காலோடு சுழன்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பழைய கூட்டத்தின் பாட்டுகளை வேறு நாலுபேர் மேடையில் வாசித்தார்கள். நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“எப்பண்ணை தொடங்குவினம்?”

“இது மூண்டாவது பாட்டு தம்பி.”

பிறகு அவருடைய பாட்டு வந்தது. என் முழங்கையைப் பிடித்தார். இருபதாவது நிமிடம் கண்ணை இறுக்கி மூடினார். ‘டக்’ வரவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். கிட்டார் போய்க்கொண்டே இருந்தது. அரைமணி. முக்கால்மணி.

“போவம் அண்ணை. மனிசி பாத்துக்கொண்டிருப்பா.”

“முடியட்டும்.”

முடியவில்லை. அது கரைந்து இன்னொரு பாட்டாகியது. அண்ணை பக்கத்தில் நின்ற தாடிக்காரனிடம், இது எங்கே முடியும் என்று தன் ஆங்கிலத்தில் கேட்டார். அவன் சிரித்தான்.

“முடிவு இல்லை, நண்பா!”

ஏழு வருடம். மனுஷன் அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அண்ணை குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். கோயில் வாசலில் வைப்பதுபோல் சுவரோரம் சோடியாக வைத்தார். நேரே கூட்டத்துக்குள் போய், டொலார்ட் முருகன் கோயிலில் காவடிக்கு ஆடுகிற அதே ஆட்டத்தை ஆடத் தொடங்கினார். சுழன்றவர்கள் எல்லோரும் விலகி வட்டம் கட்டினார்கள்.

அடுத்த வருடம் நானும் கார் வாங்கினேன். நல்ல கார், நல்ல ரேடியோ. ஆனால் குளிருக்கு ஸ்டார்ட் ஆகுதில்லை என்று பொய் சொல்லி, அந்தப் பனிக்காலம் முழுக்க அண்ணையின் காரில்தான் வேலைக்குப் போனேன்.