எறும்புச் சித்தரின் செம்புத் தட்டு

தேயிலைக்கு விலை இல்லாத அந்த வருஷம், கீழ் கோத்தகிரியில் விலை போன ஒரே சரக்கு எறும்புச் சித்தர்தான்.

ஃபேக்டரி மூடியிருந்தது. எஸ்டேட் மருந்தகமும் மூடியிருந்தது. சித்தர் மட்டும் ஞாயிறுதோறும் திறந்திருந்தார். சோலூரிலிருந்து ஜீப், குந்தாவிலிருந்து வேன். சர்க்கரை நோயாளிகள் ஆளுக்கொரு பாட்டில் சிறுநீரோடு வரிசையில் நின்றார்கள். வேறெந்தச் சாமியும் இந்தக் காணிக்கையைக் கேட்டதில்லை.

வித்தை எளிது. சிறுநீரில் பாதியைப் பீங்கான் தட்டில் ஊற்றி எறும்புப் புற்றருகே வைப்பார். எறும்பு மொய்க்கும். கூட்டம் "ஐயோ" என்னும். நோயாளி ஒரு மடக்குத் தீர்த்தம் குடிப்பார். சித்தர் மீதிப் பாதியைச் செம்புத் தட்டில் ஊற்றுவார். ஓர் எறும்பும் எட்டிப் பார்க்காது. கூட்டம் "சாமி" என்னும்.

தீர்த்தம் குடித்தது ஆள். குணமானது பாட்டில். இதை யாரும் கேட்கவில்லை.

குணமானவர் ஊசி மருந்தைச் சித்தரின் காலடியில் விட்டுவிட வேண்டும். மருந்து இருக்கும் வீட்டில் தீர்த்தம் வேலை செய்யாதாம்.

கொழுந்து பறிக்கும் பொன்னாயி, மகள் இந்துமதியோடு நின்றாள். மகளுக்குப் பதினைந்து வயது. மூன்று வருஷமாகத் தினம் ஊசி. அன்று காலை பொன்னாயி போடவில்லை. மருந்து மடியில் இருந்தது.

மூடிய மருந்தகத்தின் நர்ஸ் தபித்தாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"புள்ளைக்கு ஊசி போட்டியா?"

"இன்னையோட கொணமாயிருமுங்க சிஸ்டர்."

"ஃபேக்டரி வாசல்ல கொழுந்து மலையாட்டக் குவிஞ்சு கெடக்குது. ஊட்டுல அடுப்பு எரியுதா?"

"கேட்டத் தொறந்தாத்தானுங்களே?"

"இவ உடம்புலயும் அதேதான். ரத்தத்துல சர்க்கரை குவியும், உள்ள பட்டினி. கேட்டத் தொறன்னு சொல்ற சேதிதான் இன்சுலின். இவளுக்கு அது ஊறறதில்ல. குளுகோகான்னு இன்னொரு சேதி இருக்குது. 'இன்னும் அனுப்பு'ன்னு ஈரல்கிட்டச் சொல்லும். அத அடக்கறதும் இன்சுலின்தான். அடக்க ஆளில்லைன்னா ஈரல் கொட்டிட்டே இருக்கும். வெல எறங்க எறங்க நாம சேத்துப் பறிச்சமே, அந்தப் புத்தி. உடம்பு கொழுப்ப எரிச்சு ரத்தம் புளிச்சுப் போகும். புள்ள மயங்கி உழுந்துருவா. அப்பறம் எந்திரிக்க மாட்டா."

பொன்னாயிக்குக் கேட் புரிந்தது. ஆனால் எறும்பு கண்ணெதிரே சாட்சி சொல்கிறதே?

"அப்பறம் எறும்பு ஏனுங்க வர்றதில்ல?"

"கேட்டுருவோம்." தபித்தாள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். "இதக் குடு." அது என்னவென்று காதோடு சொன்னாள்.

முறை வந்ததும் சித்தர் அதில் பாதியைப் பீங்கான் தட்டில் ஊற்றினார். புற்றே கிளம்பி வந்தது.

"முத்திப்போன நோய்!" என்றார். இந்துமதிக்குத் தீர்த்தம் கொடுத்தார். மீதியில் கொஞ்சத்தைச் செம்புத் தட்டில் ஊற்றினார். ஓர் எறும்பும் வரவில்லை. "போச்சு நோய்!"

பொன்னாயி பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

"சாமி, இது வெல்லத் தண்ணிங்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "வெல்லத்துக்கே சர்க்கரை கொணமாயிருச்சுங்களா?"

இந்துமதி செம்புத் தட்டை எடுத்து முகர்ந்தாள். "அம்மா, நீலகிரித் தைலம்."

சளிக்குத் தைலம், கால்வலிக்குத் தைலம் என்று மலையே மணக்கும்போது தட்டு மணந்ததை யார் கவனிப்பார்கள்? எறும்பு கவனித்தது.

இந்துமதி சாம்பல் போட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவி, மிச்ச வெல்லத் தண்ணீரை ஊற்றினாள். எறும்புகள் வரிசை கட்டின. மனித வரிசை கலைந்தது. எல்லோரும் மருந்துக் குவியலில் பாய்ந்தார்கள். சித்தர் சோலூர் ஜீப்பில் பாய்ந்தார்.

"ஊசி போட்டா ஒடனே சாப்பிடோணும். சோறு இருக்கா?" என்றாள் தபித்தாள்.

"புளிசாதம் இருக்குங்க."

அங்கேயே, வேன் நிழலில், பொன்னாயி மகளுக்கு ஊசி போட்டாள்.

அருகே ஒரு பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏனுங்க சிஸ்டர், தைலம் தடவாத சாமி வேற யாராச்சும் இருக்காருங்களா?"

எறும்பு முகர்ந்து பார்த்த பிறகே கால் வைக்கிறது. நாம் காலில் விழுந்த பிறகும் முகர்வதில்லை.