ஜீரோ பாயும் ஒரு பாட்டில் மழைத்தண்ணியும்

சுத்தமான தண்ணீரைக்கூடச் சந்தேகப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் டேனரியின் மேஸ்திரி, ஜீரோ பாய்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் அவர் ஜீரோ பாய்தான். தோல் பதப்படுத்த முதலில் உப்புக் கரைசல் வேண்டும். அதில் உப்பு எவ்வளவு என்று சொல்வது ஹைட்ரோமீட்டர். அடியில் குண்டாக, மேலே பென்சில் போல ஒல்லியாக ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே எண்கள் அச்சடித்த காகிதம் ஒட்டியிருக்கும். உப்பு ஏற ஏற அது உயர்ந்து மிதக்கும். நல்ல தண்ணீரில் போட்டால் ஜீரோ காட்ட வேண்டும். காட்டுகிறதா என்று தினமும் காலையில் பார்த்துவிட்டு, ஷெட் அதிர “ஜீரோ!” என்று பாய் கத்துவார். புதிதாக வந்த மேனேஜர் ஒருவர், தன்னைத்தான் சொல்கிறார் என்று முதல் நாளே கோபித்துக்கொண்டாராம்.

நான் அங்கே கெமிஸ்டாகச் சேர்ந்தேன். எம்.எஸ்சி. படித்த திமிர் கொஞ்சம் ஜாஸ்தி. முதல் வாரமே அவரிடம் வாயைக் கொடுத்தேன்.

“அதான் நேத்து பாத்தோமே பாய். தினமும் எதுக்கு?”

“நேத்து பாத்தது நேத்தோட போச்சு மேடம். ராத்திரி பூரா அது இன்னா பண்ணுச்சுன்னு நமக்குத் தெரியுமா?”

கணவன் வீட்டுக்கு வராத கவலையில் பேசும் பெண்மணி மாதிரி இருந்தது எனக்கு.

சோதிக்கிற தண்ணீர் விஷயத்தில் இன்னும் மோசம். எங்கள் போர் தண்ணீரில் மீட்டரைப் போட்டால் ஜீரோ வராது. ஊர்த் தண்ணீர் அவ்வளவு உப்பு. கேன் தண்ணீரையும் அவர் நம்பமாட்டார். மழை வந்தால் நாங்கள் எல்லாரும் ஷெட்டுக்குள் ஓடுவோம். பாய் மட்டும் சில்வர் குண்டானைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவார். பிடித்த தண்ணீரைப் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி மூடி, பீரோவில் வைத்துப் பூட்டுவார். ஒருமுறை தாகத்தில் ஒரு டிரைவர் அதை எடுத்துக் குடித்துவிட்டார். பாய் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

தன் மச்சான் கல்யாணத்தில் சமையல்காரர் சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது, பதம் பார்க்கிறேன் என்று பாய் பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்து அண்டாவில் விட்டார். புது மீட்டர், ஆசிட் பக்கமே போகாதது என்று சத்தியம் செய்தும் எடுபடவில்லை. கரண்டியைத் தூக்கிக்கொண்டு துரத்திய சமையல்காரர், “இது கல்யாண வூடா, டேனரியா பாய்?” என்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டதாம். வேலூரில் ரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்திலும் நர்ஸிடம், “இந்த மெஷினுக்கு ஜீரோ பாத்தீங்களாம்மா?” என்று விசாரித்திருக்கிறார். அன்றைக்கு நர்ஸுக்குத்தான் அழுத்தம் ஏறியது.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் ஒரு நாள் வந்தது.

எனக்கு ஆறு மாதம் ப்ரொபேஷன். எனக்கு முன்னால் வந்த இரண்டு கெமிஸ்டுகள் அதைத் தாண்டவில்லை. குடியாத்தத்தில் அப்பாவின் தறி நின்றுவிட்டது. வீட்டில் வேலைக்குப் போவது நான் ஒருத்திதான். இந்த வேலை போனால் எங்களுக்கு வேறு வழி இல்லை.

ஐந்தாவது மாதம், கத்திரி வெயில். ஒரு நாள் மத்தியானம் நான் பொறுப்பாக மீட்டரைக் கழுவி, தண்ணீர் வடியட்டும் என்று ஓர் உயரமான டம்ளரில் தலைகீழாகச் செருகி, மொட்டை மாடிச் சுவரில் வெயிலில் வைத்தேன். எங்கள் ஊரில் எதைக் கழுவினாலும் வெயிலில் வைப்பதுதான் வழக்கம். சாயங்காலம் எடுத்து வந்து லேபில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலையில் தோல் லாரி வந்துவிட்டது. “நீங்க ஜீரோ பாத்துடுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு பாய் இறக்கப் போனார். எனக்கோ பஸ் லேட்டான எரிச்சல். நேற்று சரியாக இருந்த மீட்டர் இன்று எங்கே போய்விடப்போகிறது? பார்க்காமலேயே ரெஜிஸ்டரில் ஜீரோ போட்டேன்.

சுழலும் மர டிரம்முக்குள் இரண்டாயிரம் ஆட்டுத்தோல், வெளிநாட்டு ஆர்டர். உப்புத் தண்ணீரை எடுத்துப் பார்த்தேன், மீட்டர் ஆறு காட்டியது. ஆறு வந்தால் ஆசிட் ஊற்றலாம். ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

“இருங்க மேடம்.” கையெல்லாம் உப்பாக பாய் வந்து நின்றார். “ஜீரோ பாத்தீங்களா?”

“பாத்தேன் பாய்.”

அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பீரோவிலிருந்து பாட்டிலை எடுத்து வந்து, ஜாடியில் மழைத்தண்ணீரை ஊற்றி, என் மீட்டரை விட்டார். குனிந்து, மூச்சைப் பிடித்துப் பார்த்தார். நாங்களும் பிடித்தோம்.

இரண்டு.

வெயிலில் பசை இளகி, உள்ளே இருந்த காகிதம் தலைப்பக்கமாக நழுவியிருந்தது. டிரம்மில் உண்மையில் இருந்தது நாலுதான். உப்பு கம்மியாக இருக்கும்போது ஆசிட் போட்டால் தோல் பூரி மாதிரி உப்பிவிடும் என்று பாய் எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். உப்பிய தோலை எவனும் வாங்கமாட்டான்.

டிரம் நின்றதைப் பார்த்து மேனேஜர் வந்துவிட்டார். ஜாடியைப் பார்த்தார், ரெஜிஸ்டரைப் பார்த்தார்.

“காலையில ஜீரோ யார் பாத்தது?”

நான் வாயைத் திறந்தேன்.

“நான்தான் சார்” என்றார் பாய். “சரியா கவனிக்கல. தப்பு என்மேலதான்.”

பத்து நிமிஷம் திட்டு வாங்கிவிட்டு, டிரம்மில் உப்பைக் கூட்டித் தோலைக் காப்பாற்றினார். அந்த வாரம் முழுக்க டேனரியே அவரைக் கலாய்த்தது. ஜீரோ பாயே ஜீரோவைக் கோட்டை விட்டாரென்று கேன்டீனில் டீ ஊற்றுகிறவர்கூடச் சிரித்தார். எந்த மீட்டரையும் நம்பாத மனிதர் தன் வாழ்நாளில் சொன்ன ஒரே தப்பான ரீடிங் அதுதான், எனக்காகச் சொன்னது.

நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். “எனக்கு இன்னா மேடம், நாலு நாள் சிரிப்பானுங்க. நீங்க ப்ரொபேஷன முடிங்க” என்றார். “அப்புறம் மீட்டரை நிழல்ல காய வைங்க.”

ப்ரொபேஷன் முடிந்தது. அங்கே நாலு வருஷம் இருந்தேன். இப்போது சென்னையில் இருக்கிறேன். மழை வந்தால் மொட்டை மாடிக்குக் குண்டானோடு ஓடுகிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஆம்பூரில் இறங்கி, ஒரு பாட்டில் மழைத்தண்ணீரை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் குடியாத்தம் பஸ் ஏறுவேன்.

போன மாதமும் கொடுத்தேன். வாங்கி நேராக பீரோவில் வைத்துப் பூட்டினார்.

“பாய், ஜீரோ பாக்கலியா?”

“நீங்க பாத்துட்டுத்தான் கொணாந்திருப்பீங்க மேடம்.”

பார்த்திருந்தேன். மூன்று தடவை.